ஈரத்தோலைப் பிடுங்கி எறிந்தவர்

குழந்தைகளே, உங்கள் அத்தையார் காலமாகி ஓராண்டு நிறைந்தது. இந்த நினைவு மலரில் இனிய சொற்களே இருக்கட்டும் என்றார்கள் உறவினர். முயன்றேன், எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அவர் யாரோடு மல்லுக்கட்டினார் என்பதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்குத் தெரியவில்லை.

பேர்ணாம்பட்டில் எனக்கு மூத்தவராகப் பிறந்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து ஆம்பூருக்கு வந்து, நான் வேலை பார்த்த தோல் ஷாப்பில், தோல் பதனிடும் ஆவாரம்பட்டை இடித்தார். அப்போதுதான் உங்கள் மூத்த அக்காளுக்கு ஐந்து வயதில் காக்காய் வலிப்பு கண்டது.

வலிப்பு வந்தால் செருப்பை முகரக் கொடுப்பார்கள். தோல் ஷாப்காரன் மகளுக்குச் செருப்பு போதுமா? சுண்ணாம்புக் குழியில் ஊறிய ஈரத்தோலை, மயிரும் கொழுப்பும் வழிய, நானே கொண்டுவந்து குழந்தையின் மூக்கில் அழுத்தினேன். அவள் உதடு வெந்துபோயிற்று. "இன்னும் நல்லா அழுத்துப்பா" என்றார்கள் சுற்றி நின்றவர்கள்.

அத்தையார் அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். "இன்னாடா பண்றே? கொழந்த மூச்சு வுட வேணாமா? உனுக்கு சளி புடிச்சா இத்த மோந்துக்குவியா?"

மறுநாளே அவளை வேலூர் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் அழைத்துப் போனார். ஒருக்களித்துப் படுக்க வை, காற்றை மறைக்காதே, அடங்கும்வரை பக்கத்தில் இரு என்று டாக்டரம்மா சொன்னதை, நீங்கள் வளர வளர, தலையணையை உருட்டிக் காட்டி உங்கள் ஒவ்வொருவருக்கும் பழக்கினார். வேளை தவறாமல் மருந்து கொடுத்தார்.

ஆற்காட்டிலிருந்து வந்த பெரியப்பா ஒருவர், நம் வீட்டு வடையை மென்றபடி அக்காளைக் காட்டிச் சொன்னார்: "இத்த ஊட்ல வெச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க? எங்கியாவது கோயில்ல வுட்டுடுங்க."

"உன்னியும் ஊட்ல வெச்சிகினுதானே கீறாங்க? வடைய தின்னுட்டு கெளம்பு" என்றார் அத்தையார்.

இம்மலர் அந்தப் பெரியப்பா கைக்கும் போகும். போகட்டும்.

நெஞ்சுச் சளி முற்றி அத்தையார் மறைந்தார். பாடையைத் தூக்கிய நேரத்தில் அக்காள் விழுந்தாள். அதே பெரியப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டு குனிந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்குட்டி, நீதான் அவர் கையைத் தட்டிவிட்டாய். "செருப்ப கால்ல போடு பெரியப்பா. தள்ளி நில்லு, காத்து வரட்டும்." அக்காளை ஒருக்களித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

தூக்கிய பாடையை இறக்கக் கூடாதென்று கூட்டம் கத்தியது. சுமந்த நால்வரும் அங்கேயே இறக்கினார்கள். அவர்களுக்கு மட்டும் என் நன்றி. அக்காள் கண் திறக்கும்வரை, எப்போதும்போல், அத்தையார் அவள் பக்கத்திலேயே இருந்தார்.