பின்கதவுத் தாழ்ப்பாள்

என் தையல் மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு நடுவே ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அதன் நான்கு திருகாணிகளையும் துணியில் முடிந்து கூடவே வைத்திருக்கிறேன். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் தள்ளினால் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஓடாமல் என்ன செய்யும்? அதைப் பொருத்தியவள் நானல்லவா. அரைகுறையாக வேலை செய்யும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அந்த ஒரு நாள் மட்டும் இருந்திருக்கலாம்.

அண்ணன் போன வருடம் இறந்துபோனார். எங்கள் ஊர் காஜா பெராங்கில் பழைய ஆட்கள் அவரை மேஜிக்காரர் என்றுதான் சொல்வார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள், எல்லாச் சாமானையும் அவரே தம் கையால் செய்தவராச்சே என்று சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். எதற்காக அழுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் ஆபீசில் கிராணி, கணக்கெழுதும் வேலை. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, யாரையும் சிரிக்க வைக்கும் பேச்சு. மேடையில் கையைத் தூக்கினால் கூட்டம் வாயைப் பிளக்கும். ஆனால் அந்தக் கைக்கு ஓர் ஆணியை நேராக அடிக்க வராது. அப்பா துறைமுகக் கிடங்கில் மரப்பெட்டிகளைப் பழுது பார்த்தவர். சமையல்கட்டுச் சுவரில் தொங்கிய அவருடைய ரம்பமும் உளியும் எனக்குத்தான் வசப்பட்டன. அண்ணன் எங்கிருந்தோ வரவழைத்த மேஜிக் புத்தகத்தைப் பிரித்து, “இது எப்படின்னு பாரேன் தங்கச்சி” என்று படத்தைக் காட்டுவார். நான் பார்ப்பேன். பிறகு பிஸ்கட் டின்னுக்கு இரண்டாவது அடித்தகடு வைப்பேன். குடைக்கம்பியை வளைத்து, சாயம் போட்ட கோழி இறகைக் கட்டி, உள்ளங்கையில் ஒடுங்கி விரியும் பூங்கொத்து செய்வேன்.

எல்லாவற்றிலும் பெரியது அந்தப் பெட்டி. தேயிலைப் பெட்டிப் பலகைகளால் செய்தது. முன்கதவைத் திறந்தால் உள்ளே முழுக்கக் கறுப்பு, வெறுமை. அடுப்புக்கரியைக் கஞ்சியில் குழைத்து மூன்று முறை பூசினேன்; விளக்கொளி பட்டாலும் மினுங்காது. உள்சுவர் சாய்வாக இருப்பது முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சாய்வுக்குப் பின்னால் ஓர் ஆள் முழங்காலை மார்போடு அணைத்து உட்காரும் அளவு இடம். ஆள் என்று ஏன் சொல்ல வேண்டும்? என் அளவு. பலகையைச் சுவரில் சாத்தி, முதுகை ஒட்டி உட்கார்ந்து, தோள் வரும் இடத்தில் அதில் பென்சிலால் கோடு போட்டு, அந்த அளவுக்குத்தான் அறுத்தேன். சாமான்களைக் கை நீட்டிக் கொடுக்க ஒரு சின்ன மடக்குக் கதவு. அது அடித்துக்கொள்ளாமல் இருக்க ஓரத்தில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டினேன். நான் ஏறி இறங்கப் பின்கதவு.

இரண்டு வருடம் கல்யாணங்களிலும் திருவிழாக்களிலும் அந்தப் பெட்டிக்குள் இருந்தேன். அண்ணன் வெறும் பெட்டியைக் காட்டி, “நல்லா பாத்துக்குங்க, கோசோங்! ஒண்ணுமே இல்ல!” என்பார். மலாய்க்காரர்களும் இருப்பார்களே, காலி என்பதை அவர்கள் பாஷையிலும் சொல்லிவிடுவார். பிறகு நான் உள்ளிருந்து நீட்ட நீட்டப் பூவும் ரிப்பனும் உயிருள்ள புறாவும் அவர் கையில் முளைக்கும். கைதட்டல் எனக்குப் பலகை வழியாக மழைச் சத்தம்போல் கேட்கும். ஆட்டம் முடிந்து பெட்டியைப் பின்னறைக்குக் கொண்டுபோன பிறகுதான் வெளியே வருவேன். வயசுப்பெண் மேடையேறக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். உள்ளே ஒளிந்துகொண்டு ஏறலாம் போலிருக்கிறது.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பரபரத்த நேரத்தில் அண்ணன் ஒரு வாக்குக் கொடுத்தார். “மெர்டேக்கா ஷோவுல பெட்டியத் திருப்பிப் பின்கதவத் தொறக்கிறேன். நீ கொடியோட எறங்கி வா. எல்லாம் இவ செஞ்சதுதான்னு மைக்குல சொல்றேன்.” எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை பெட்டி வேண்டுமானாலும் செய்திருப்பேன். புதுக் கொடியை நானே தைத்தேன். நட்சத்திரத்துக்குப் பதினொரு முனை. பதினொன்றைத் துணி மடித்து வெட்ட முடியாது; மூன்று தடவை வீணாக்கி நான்காவதில்தான் சரியாக வந்தது.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அண்ணன் வந்து, “தூக்கும்போது பின்கதவு தொறந்துக்கப் போவுது. வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பா போட்டுடு” என்றார். நியாயமாகத்தான் பட்டது. பித்தளையில் வாங்கி, தேங்காயெண்ணெய் தடவி, தலை தெரியாமல் திருகாணியை இறக்கினேன்.

பள்ளி மண்டபத்தில் பிற்பகல் ஆட்டம். பச்சைப் பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை. இதோடு பெட்டிக்குள் மடங்கி உட்கார்ந்தேன். புக்கிட் ரம்பாயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மாலையில் என்னைப் பார்க்க வருவதாக அன்று காலையில்தான் ஆள் வந்து சொல்லியிருந்தார். பூ போனது, ரிப்பன் போனது, புறா போனது. கடைசியில் கொடியை மடியில் வைத்துக்கொண்டு பெட்டி திரும்பக் காத்திருந்தேன். திரும்பவில்லை. மடக்குக் கதவு வழியாக அண்ணன் கை வந்தது. விரலைச் சொடுக்கியது. எனக்குப் புரியவில்லை. கை கொடியைப் பற்றி இழுத்தது. மண்டபம் முழுக்க “மெர்டேக்கா! மெர்டேக்கா!” என்று கத்தியது. முன்கதவு சாத்தப்பட்டது. பின்கதவைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

தட்டியிருக்கலாம், கத்தியிருக்கலாம். அண்ணனின் மானம் போய்விடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவரைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம், இன்றுவரை. வழக்கமாகத் தூக்கும், விஷயம் தெரிந்த கூட்டாளிகள் இல்லை, யாரோ இரண்டு பேர். லோரியில் ஏற்றும்போது ஒருவர், “கோசோங் பொட்டின்னாரு, என்னா கனம் கனக்குது!” என்றார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் நான் இருந்ததற்கு அவர் ஒருவர்தான் சாட்சி.

வீட்டுக் கொல்லையில் தாழ்ப்பாளைத் திறந்து அண்ணன் சொன்னார்: “மாப்பிள வீட்டுக்காரங்க நேரத்தோடயே வந்து முன்வரிசையில ஒக்காந்துட்டாங்க. ஒன் நல்லதுக்குத்தான்.” கசங்கிய சேலையை மாற்றிக்கொண்டு அவர்களுக்குக் கோப்பி கொண்டுபோனேன். மாப்பிள்ளையின் அம்மா அன்பாக, “ஷோவுக்கு வரலியாம்மா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். “தங்கச்சிக்கு இதுல எல்லாம் நாட்டமில்லீங்க.”

அன்று படுத்த பிறகுதான் கணக்குப் போட்டேன். அவர்கள் வரும் சேதி காலையில் வந்தது. தாழ்ப்பாள் கேட்டது ஒரு வாரத்துக்கு முன்.

கல்யாணமாகிப் புக்கிட் ரம்பாய் போனேன். அதன்பின் அண்ணனுக்கு ஒரு குச்சிகூடச் சீவிக் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவரும் மேஜிக்கை விட்டார். ஆபீஸ் வேலை கூடிவிட்டதாம். பல வருடம் கழித்து மாமியாரிடம் சொன்னபோது, “அடிப் பாவி, அன்னிக்கே சொல்லியிருந்தா ஊரெல்லாம் பீத்தியிருப்பேனே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் எதற்குப் பயந்தார் என்று எனக்கு அப்போது முழுதாக விளங்கியது.

போன மாதம் அண்ணன் மகன் அந்தப் பெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான். ஏதோ கண்காட்சியில் வைக்கிறார்களாம். ‘கலைஞர் தம் கையால் செய்தது’ என்று அட்டை எழுதி ஒட்டியிருந்தான். முன்கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இது எப்படி வேலை செய்யுது அத்தை? அப்பா யாருக்குமே சொல்லலியே” என்றான்.

“எனக்கென்னடா தெரியும்? ஒங்கப்பா செஞ்சதுதானே?” என்றேன்.

அவன் போனில் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனபோது தையல் மெஷின் திருப்புளியை எடுத்து நான்கு திருகாணியையும் கழற்றினேன். பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. பென்சில் கோடு அப்படியே இருந்தது. கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

அவனும் வண்டிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். “பாக்கத்தான் பெருசு அத்தை, கனமே இல்ல” என்றான் அவன். “கோசோங் பொட்டிதானே.”