சித்திரை வெயிலில் ஹீட்டர்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருப்பதை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். வீட்டுக்கு நாலு பேர் வந்தாலே அடுப்படிக்குள் போய்விடுவேன். அதிலும் கார் விஷயத்தை எழுத எனக்கு என்ன இருக்கிறது? ஓட்டக்கூடத் தெரியாது.

போன மாதம் என் மகன் வாசலில் காரின் முன்மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அம்மா, உள்ள உக்காந்து ஹீட்டர ஃபுல்லா திருப்பி வையேன்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டான். வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி வாய்க்கால் பாயும் ஊரில் இருந்தோம். அப்பா கரும்பு வைத்திருந்தார். கரும்பு நன்றாக வந்த ஒரு வருஷம் அவருக்குக் கார் ஆசை பிடித்துக்கொண்டது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கள்ளக்குறிச்சியில் பழைய கார்களை வாங்கி விற்கும் புரோக்கர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, வாயில் எப்போதும் பாக்கு. எந்த வண்டியைக் கேட்டாலும் "டாக்டர் ஓட்டுன வண்டி" என்பார். எங்களுக்கு வந்த வெள்ளைக் காரும் டாக்டர் ஓட்டியதுதான். கள்ளக்குறிச்சியில் அத்தனை டாக்டர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்பா எதையும் சந்தேகப்படாமல் வாங்கியதில்லை. உர மூட்டையைத் தூக்கிப் பார்ப்பார். விதைக்கரும்பைக் கணுக் கணுவாகத் தடவுவார். மச்சான் விற்ற காரை மட்டும் சும்மா விடுவாரா? வந்த கொஞ்ச நாளிலேயே முன்மூடியைத் தூக்கி, ரேடியேட்டரின் மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே தண்ணீர் பாசி நிறத்தில் பளபளவென்று இருந்தது.

"பாரு உன் தம்பி வேலைய. கொளத்துத் தண்ணிய மொண்டு ஊத்தி வச்சிக்கீறான்."

அம்மா எட்டிப் பார்த்தாள். "அவன ஒரு வார்த்த கேட்டுட்டு செய்யுங்களேன்."

அப்பா கேட்கவில்லை. துணி அலசுகிற எங்கள் வெள்ளை டப்பை அடியில் வைத்து, அவ்வளவு தண்ணீரையும் வடித்து, வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டினார். போர்க்குழாயில் பிடித்த நல்ல தண்ணீரைக் குடத்தோடு கவிழ்த்து, வழியும்வரை ஊற்றி மூடினார். வண்டி இப்போதுதான் சுத்தமானது என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பாசியைக் கழுவி நல்ல தண்ணீர் ஊற்றுவது எங்கள் தொட்டிக்கும் செய்கிற வேலைதானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்குக் கிளம்பினோம். அங்கே அப்பாவின் தங்கை, என் அத்தை, கல்யாணமாகிப் போயிருந்தாள். அத்தை வீட்டுக்காரருக்கு மளிகைக்கடை. மலைப்பாதையில் பாதிகூட ஏறவில்லை, சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விட்டது. முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி அடித்தது. ஓரம் கட்டினோம். பஸ்ஸில் போனவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த ஜீப்பில் அத்தை வீட்டுப் பங்காளிகள்.

"இன்னாங்க, மச்சான் தள்ளிவுட்ட வண்டியா?" என்று அதிலிருந்து ஒருவர் கேட்டார். ஜீப் முழுக்கச் சிரித்தது.

வண்டி ஆறியபிறகு இருந்த தண்ணீரை ஊற்றி, ஊருக்கே திரும்பினோம்.  வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பா அம்மாவிடம் சொன்னார். "காது குத்துக்குப் போறப்ப இது மலையில நின்னுச்சின்னா, வண்டிய உன் தம்பி வூட்டு வாசல்ல வுட்டுட்டு, உன்னையும் அங்கியே எறக்கி வுட்டுட்டு வந்துடுவேன். ரெண்டும் ஒரே வூட்டுச் சரக்குதான்."

காது குத்து அத்தை குழந்தைக்கு. அப்பாதான் தாய்மாமன். அவர் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். சீர்த்தட்டுகளோடு காரில் வந்து இறங்குவேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அம்மா உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் பீரோவைத் திறந்து பையில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். விசேஷத்துக்கு எதற்கு இத்தனை புடவை என்று எனக்குத் தோன்றியது. கட்டிக் கிழிந்த வீட்டுப் புடவையும் அதில் இருந்தது. விசேஷத்துக்கு யாரும் அதைக் கட்ட மாட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு மாமாவைப் பிடிக்காமல் போனது.

காது குத்துக்கு முந்தின நாள் மாமா வண்டியைப் பார்க்க டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு கேன்.

"இன்னா மாமா, நல்லா கீறீங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா என்னைப் பார்த்து, "வந்தவர தண்ணி குடிக்கச் சொல்லு" என்றார். மாமா என்னைப் பார்த்து, "குடிச்சிட்டேன்னு சொல்லு பாப்பா" என்றார். இருவருக்கும் நடுவில் மூன்றடிகூட இல்லை. அதற்கப்புறம் வேலை முடியும்வரை அவர்கள் பேச்சு என் வழியாகத்தான் போய் வந்தது.

மாமா முதலில் வண்டியின் முன்சக்கரங்களைக் களத்து மேட்டில் ஏற்றி நிறுத்தச் சொன்னார். தண்ணீர்க் குழாய்க்குள் அடைபட்ட காற்று மேலேதான் ஏறும், முன்பக்கம் உயரமாக இருந்தால் வெளியே வந்துவிடும் என்றார். அப்பா மேட்டில் ஏற்றினார். பிறகு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, "அவன் கைய வுட்டுக் கண்ண எடுக்காத" என்று மெதுவாகச் சொன்னார்.

நான் மாமா கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மாமா ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே விரலை விட்டு, எடுத்து, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். பாக்கு மெல்லுவது நின்றுவிட்டது.

"இதுல யாராவது தண்ணி மாத்துனாங்களான்னு கேளு பாப்பா."

"நாங்க ஏன் மாத்தறோம்? குடுத்தது குடுத்தபடி அப்பிடியே கீதுன்னு சொல்லு" என்று வண்டிக்குள்ளேயிருந்து சத்தமாகப் பதில் வந்தது.

அப்பா பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை. அப்பா மாற்றவில்லை, சுத்தம்தானே செய்தார்.

தண்ணீரை வடிக்க மாமா ஒரு பாத்திரம் கேட்டார். அம்மா அதே வெள்ளை டப்பைக் கொண்டுவந்து வைத்தாள். அதன் உள்பக்கம் சுற்றிலும் பச்சையாக ஒரு கோடு காய்ந்து ஒட்டியிருந்தது. மாமா அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா வைக்கோல் போரைப் பார்த்தாள். மாமா சட்டைக் காலரில் சொருகியிருந்த கைக்குட்டையை உருவி, தண்ணீரில் நனைத்து, அந்தக் கோடு இருந்த இடம் தெரியாமல் துடைத்தார்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். "அப்பா, மாமா டப்பத் தொடைக்கிறாரு. உள்ள பச்சையா இருந்துச்சி. அத தொடைக்கிறாரு."

இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறேன், அப்பா ஒரு வார்த்தை பாராட்டவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி சரி, போ" என்றார்.

திரும்பி வந்தால் பழைய தண்ணீரை வடித்துவிட்டு, மாமா கேனைத் திறந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அதே பாசித் தண்ணீர்.  அப்பா எதைக் கொட்டினாரோ அதையே, எங்கள் வீட்டு வாசலில், எங்கள் கண்ணெதிரே மறுபடியும் ஊற்றுகிறார். குடத்தோடு கவிழ்க்காமல் நூல் மாதிரி ஊற்றினார். இரண்டு மிடறு ஊற்றுவார், நிறுத்துவார், ரப்பர் குழாயைக் கையால் அமுக்குவார், மறுபடி ஊற்றுவார். விஷம் வைக்கிறவர்கள்தான் இவ்வளவு பொறுமையாகச் செய்வார்கள் என்று நினைத்தேன். அப்பா ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தபடி இருந்தார். 

"வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு, ஹீட்டர ஃபுல்லா வைக்கச் சொல்லு பாப்பா."

நான் போய்ச் சொன்னேன். அதற்கு மட்டும் அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"வண்டி சூடாவுதுன்னு கூப்ட்டா, ஹீட்டர் போடச் சொல்றான். வெளிய இன்னா வெயில் அடிக்குதுன்னு கேளு."

சித்திரை மாதம், மத்தியானம். எங்கள் பக்கத்தில் காரில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. மாமா சிரிக்காமல், உள்ளே இருக்கிற குழாயிலும் காற்று அடைத்திருக்கும், அதைத் திறந்தால்தான் வெளியேறும் என்றார். அப்பா ஹீட்டரைத் திருப்பினார். வண்டி ஓடிக்கொண்டே நின்றது.

"சூடா வருதான்னு கேளு."

"வரலியாம்."

மாமா குழாயை அமுக்கினார். ரேடியேட்டருக்குள் தண்ணீர் பொட்டுப் பொட்டென்று வெடித்தது. "லேசா ரேஸ் குடுக்கச் சொல்லு." அப்பா கொடுத்தார். குடத்தைக் கிணற்றில் அமுக்கினால் வருமே, அப்படி ஒரு சத்தம் வந்தது. நிறைந்திருந்த தண்ணீர் மடமடவென்று உள்ளே இறங்கிவிட்டது. மாமா மறுபடி ஊற்றினார். மறுபடி அமுக்கினார்.

"இப்ப கேளு."

அப்பா நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. "வருதுன்னு சொல்லு. கொதிக்குதுன்னு சொல்லு."

மாமா அன்றைக்கு முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "வந்துடுச்சிக்கா" என்று அம்மாவிடம் சொன்னார். அப்பாவை நெருப்பில் உட்காரவைத்துவிட்டு இவர் சிரிக்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. அம்மாவும் சிரித்ததுதான் இன்னும் தாங்க முடியவில்லை.

குமிழி நின்றது. மூடியைத் திருகி மூடினார். முள் நடுவிலேயே நின்றிருந்தது. அப்பா இறங்கி வந்து, நனைந்த சட்டையை முதுகிலிருந்து பிய்த்து விட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வண்டியைச் சுற்றி வந்தார்.

அப்போது மாமா நேராக அப்பாவிடமே பேசினார். "என் தப்புதான் மாமா. விக்கறப்பவே காத்து எடுத்துக் குடுத்திருக்கணும். அவசரத்துல வுட்டுட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

எனக்கு நின்ற இடத்திலேயே குதிக்க வேண்டும் போல் இருந்தது. திருடன் தானாகவே ஒப்புக்கொண்டான். இனி அப்பா கிழிகிழியென்று கிழிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அப்பா டப்பைப் பார்த்தார். அது வெள்ளையாக இருந்தது. 

"சரி வுடு மச்சான். கை கழுவிக்கினு வா, சாப்ட்டுட்டு போவலாம்" என்றார்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்பாவே குழம்புச் சட்டியை மாமா பக்கம் நகர்த்தினார். மாமா மிச்சப் பாசித் தண்ணீர் இருந்த கேனைக் கதவு மூலையில் வைத்துவிட்டு, "கொறைஞ்சா இந்த கூலண்டையே ஊத்துங்க மாமா, போர் தண்ணி வாணாம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

சாயங்காலம் அம்மா பையைப் பிரித்துப் புடவைகளை ஒவ்வொன்றாக பீரோவில் திரும்ப வைத்தாள். கிழிந்ததையும் வைத்தாள். ஒரே ஒரு பட்டுப்புடவையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் போய் நின்று, "மாமா திருடன்தானேம்மா? அவரே சொல்லிட்டாரே" என்று கேட்டேன். அம்மா பீரோ கதவைச் சாத்தினாள்.

"ஆமாண்டி. பெரிய திருடன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திருடன் என்று தெரிந்தபிறகு எதற்குச் சிரிக்க வேண்டும், எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் வம்பாகிவிடும் என்று நினைத்து அதை மட்டும் அவரிடம் சொல்லாமல் விட்டேன்.

மறுநாள் காலை வெள்ளிமலைக்குப் போனோம். வண்டி சூடாகவில்லை. அத்தை குழந்தையை அப்பா மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள்.