பூஜை மாடத்தில் ஒரு ஜெர்மன் பிரபு

ஜப்பான்காரர்கள் சிங்கப்பூரை ஆண்டபோது ஊரே மரவள்ளிக்கிழங்குக்கு அலைந்தது. நான் ஒரு சதுர நாணயத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் புத்தியின் அளவு இவ்வளவுதான்.

அந்தக் காலத்து ஜெர்மன் சிற்றரசர்கள் கல்யாணம், துப்பாக்கிப் போட்டி என்று விசேஷம் வந்தால் வெள்ளிக் காசைச் சதுரமாக அடிப்பார்களாம். சண்டைக்கு முன் கப்பல்காரர்களைக் கெஞ்சி மூன்று சேர்த்திருந்தேன். இரண்டு அரிசியாகிவிட்டன. மிஞ்சியதில் ஒரு பிரபு மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். அவரை மட்டும் விடுவதில்லை என்றிருந்தேன்.

ஒருநாள் எங்கள் ஃபேரர் பார்க் பக்கம் வீடு வீடாகச் சோதனை. வெள்ளியைக் கண்டால் சிப்பாய்கள் விட்டுவைக்க மாட்டார்கள். விழுங்கிவிடலாமா என்று பார்த்தேன். நான்கு மூலைகள் பயமுறுத்தின. என் மனைவி அதைப் பிடுங்கி, சந்தனமும் குங்குமமும் அப்பி, சாமி மாடத்தில் சாத்திவைத்தாள். வந்த சிப்பாய் மாடத்தைப் பார்த்தான், தலையசைத்தான், போய்விட்டான்.

மறுநாள் எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“புது எந்திரத் தகடாண்ணே?”

ஆமாம் என்று நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? “ரொம்ப சக்திம்மா! நேத்து பட்டாளமே திரும்பிப் போயிடுச்சுல்ல!”

அந்த வாரமே அவள் அழுதுகொண்டு வந்தாள். போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு அவள் புருஷனைக் கூப்பிட்டிருந்தார்கள்; மறுநாள் டாக்டர் பரிசோதனை.

“அந்தத் தகட்டை அவர் இடுப்புல கட்டி அனுப்புறேண்ணே. ஓட்டை போட ஒரு ஆணி இருக்கா?”

ஓட்டையா! அது வெறும் காசு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஆணி தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

“குடுங்க,” என்றாள் மனைவி. “நீங்க ஏத்திவிட்ட சாமிதானே.”

சுத்தியலை வேறு நானே எடுத்துக் கொடுத்தேன். பிரபுவின் தலைக்கு மேலே ஆணி இறங்கியது.

மறுநாள் முழுக்க வாசலிலேயே நின்றேன். அந்த மனிதர் திரும்ப வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். இடுப்புத் தகட்டோடு திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். சாயங்காலம் இருமிக்கொண்டே வந்தார். நெஞ்சில் இரைப்பு கேட்கிறதென்று டாக்டர் கழித்துவிட்டாராம்.

“தகட்டைக் கழட்டவே மாட்டேங்குறாருண்ணே,” என்றாள் அவள், பூரிப்போடு.

எப்படித் திருப்பிக் கேட்பது? தினமும் சாயங்காலம் அவர் சட்டையில்லாமல் வாசலில் உட்காரும் நேரம் பார்த்துப் போய், இருமலை விசாரித்துவிட்டு, இடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அவர் என் மனைவியிடம் நெகிழ்ந்து போனாராம். “மச்சானுக்கு என் உடம்பு மேல என்ன அக்கறை பாத்தியா தங்கச்சி!”