மூச்சு நரம்பு

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதிப்பதைவிட வாயால் வண்டியை நிறுத்துவதுதான் அதிகம். "தம்பி, அது லாரி. நீ ஒதுங்கலேன்னா அது ஒதுங்காது."

நாற்பத்தொரு வயதில், ஒரு பிற்பகல், எதிரே வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. எது நிஜம் என்று யோசிக்காமல் காரை ஓரங்கட்டினார். காலையில் ஒழுங்காக இருக்கும் இமை மாலையானால் பாதி இறக்கிய கடை ஷட்டர் போலத் தொங்கியது. தூக்கம் போதவில்லை என்றார்கள் வீட்டில். கண் மருத்துவர்தான் சந்தேகப்பட்டு மார்பை ஸ்கேன் எடுக்க அனுப்பினார். மார்பெலும்புக்குப் பின்னால், தைமஸ் என்ற சுரப்பியில் கட்டி. இமையைத் தொங்கவைத்த, தசைகளைச் சோர்ந்துபோகச் செய்யும் நோயும் கூடவே வந்திருந்தது. இரண்டும் பல சமயம் ஜோடியாகவே வரும்.

எலும்பைப் பிளந்து கட்டியை முழுதாக எடுத்தார்கள். மூச்சுத் தசைகள்தான் சொன்னபடி கேட்கவில்லை. பல நாள், தொண்டையில் குழாயோடு, இயந்திரம் அவருக்காக மூச்சுவிட்டது. பேசியே பிழைப்பவர் சைகையில் போர்வை கேட்டார்.

ஐந்து ஆண்டுகள் ஸ்கேன் சுத்தமாக இருந்தது. ஐந்தைத் தாண்டினால் தேறியாகிவிட்டது என்று அவராகவே முடிவுகட்டி, போவதை நிறுத்திக்கொண்டார். வேறு புற்றுகளைப் பற்றிக் காதில் விழுந்த கணக்கு அது. இந்தக் கட்டிக்கு அவசரமே கிடையாது. பத்து ஆண்டு கழித்தும் திரும்பலாம். ஒன்பதாம் ஆண்டில், விடாத இருமலுக்காக எடுத்த படத்தில், வலது நுரையீரலைச் சுற்றிய சவ்வில் நான்கு முடிச்சுகள் தெரிந்தன.

"மறுபடியும் எடுக்கலாம்," என்றார் அறுவை மருத்துவர். "முழுசா எடுக்க முடிஞ்சவங்க ரொம்ப வருஷம் நல்லா இருந்திருக்காங்க. ஆனா ஒண்ணு மூச்சு நரம்பு மேல உக்காந்திருக்கு. ஒட்டியிருந்தா நரம்பையும் வெட்டணும். வெட்டினா அந்தப் பக்கம் மூச்சை இழுக்குற தசை வேலை செய்யாது. மத்தவங்க சமாளிச்சுடுவாங்க, உங்க தசை ஏற்கெனவே பலவீனம். வெட்டலேன்னா கொஞ்சம் உள்ளேயே தங்கும். கதிர்வீச்சு கொடுத்துப் பாக்கணும். திறந்தப்புறம் உங்ககிட்ட கேக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவருக்கு யோசிக்க எதுவுமில்லை. அன்று சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லு. ஈரம் புடிச்ச சுவத்த அரைகுறையா சுரண்டிட்டுப் பூசினா திரும்பப் பூக்கும். எத்தன வீட்ல பாத்திருக்கேன்."

"சுவத்துக்கு மூச்சு வாங்காதுங்க."

"விளையாடாத. அது வளந்தா?"

"வளந்தா அப்பப் பாக்கலாம். நரம்பு போனா திரும்பி வருமா? அந்தக் குழாய் இருந்தது என் தொண்டையில. உங்க தொண்டையில இல்ல."

கையைக் கழுவிவிட்டு வெளியே போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "நீ இல்லேன்னா நான் யார்கிட்ட திட்டு வாங்குறது?"

"திட்டவும் மூச்சு வேணுமே!"

மறுநாள் மருத்துவரிடம் மனைவியே சொன்னார். "ஒட்டலேன்னா எடுங்க. ஒட்டியிருந்தா நரம்ப விட்டுடுங்க." கணவர் ஸ்கேன் படங்களை உறைக்குள் திருப்பி வைத்தார்.

ஒட்டித்தான் இருந்தது. மூன்று முடிச்சுகள் முழுதாக வந்தன. நான்காவதில், நரம்பைப் பற்றியிருந்த மெல்லிய படலத்தை விட்டுவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே குழாயை எடுத்தாகிவிட்டது.

"கொஞ்சம் உள்ளேயே இருக்காம்," என்றார் கணவர், கட்டிலருகில்.

"இருக்கட்டும். நீங்க சாப்ட்டீங்களா?" குரல் கரகரத்தது. ஆனால் அவருடைய குரல்தான்.

கதிர்வீச்சு முடிந்து, இப்போது காலை வகுப்புகள் மட்டும் எடுக்கிறார். ஸ்கேனை ஓர் ஆண்டுகூடத் தவறவிடுவதில்லை. கடைசிப் படத்தில் அந்தப் படலம் அதே அளவில் இருந்தது. வளரவில்லை என்கிறார் மனைவி. போகவும் இல்லையே என்கிறார் கணவர். ஸ்கேன் அறைக்கு வெளியே இருவரும் இதையே பேசிப் பேசிச் சத்தம் ஏறுகிறது, நர்ஸ் வந்து அதட்டும்வரை.