சேதி எட்டாத பிரதி

அவள் வேலை செய்யும் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே நுழைவதற்கு முன் காதடைப்பான் மாட்டிக்கொள்ள வேண்டும்; ஆயிரக்கணக்கான சின்ன விசிறிகள் ஒன்றாகச் சுழலும் இரைச்சல் அப்படி. கணினிகளை அடுக்கிய, ஆளுயரத்தைத் தாண்டிய இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு சந்தில் பல் கிட்டும் குளிர், அடுத்த சந்தில் இயந்திரங்கள் கக்கும் அனல். இரண்டுக்கும் நடுவே நாள் முழுதும் போய்வருகிறவர்களுக்குச் சளி பிடிக்காத மாதமே இல்லை.

தங்கள் படங்களையும் கணக்குகளையும் "மேலே ஏற்றி வைத்திருக்கிறேன்" என்று சிலர் விரலை வானத்துப் பக்கம் காட்டிச் சொல்வார்கள். அந்த மேல் என்பது இந்தக் கூடம்தான். அது தரைத்தளத்தில், லாரிகள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருந்தது.

அங்கே எதையும் முழுசாக வைப்பதில்லை. வலைவழியாக வந்துசேரும் ஒரு படம் துண்டு துண்டாகும். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதிகள். மூன்றும் மூன்று வெவ்வேறு வரிசைகளில், வெவ்வேறு இயந்திரங்களில் போய் உட்காரும். பிரதி பதிந்திருக்கும் ஒரு டிஸ்க் செத்துப்போனால், மீதி இரண்டு பிரதிகளைப் பார்த்து இயந்திரங்களே புதிதாக ஒன்றை எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளும். படத்தின் சொந்தக்காரருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

செத்த டிஸ்க்கின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும். அதை உருவிவிட்டுப் புதியதைச் செருகுவது அவள் வேலை. உருவியதை அன்றைய ஷிப்டு முடிவதற்குள் பின்கட்டிலுள்ள நொறுக்கும் இயந்திரத்தில் போட்டுவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேஜைமேல் வைத்தால் வேலை போய்விடும். யார் வீட்டுக் குழந்தையின் முதல் நடை இதில் இருக்கிறதோ என்று புதிதாக வந்தவர்கள் கொஞ்ச நாள் நொறுக்கத் தயங்குவார்கள். அவளும் தயங்கினாள். அப்புறம் பழகிவிட்டது. ஒன்று போனால் இன்னும் இரண்டு இருக்கிறது. அந்த நம்பிக்கை அவள் விரல்களுக்குள்ளேயே இறங்கிவிட்டது. கூடத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் டிஸ்க்கக்கா.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். குழிக்குள் நின்றபடி மேல்மாடியில் இருக்கிற ஆளுக்குக் கேட்கும்படி கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை. வீட்டிலும் அதே தொண்டைதான். இவர் உப்பு கேட்டால் அடுத்த வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள் என்று அவள் கிண்டல் செய்வாள்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். ஆப்பரேஷனுக்கு முன்னால் மகள் ஊரிலிருந்து வந்து, ஃபோனைச் சாப்பாட்டு மேஜையில் ஒரு சொம்பின்மேல் சாய்த்துவைத்து, அப்பாவை அதன் முன்னால் உட்காரவைத்தாள். அவர் தலையை வாரிக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு பேசினார். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு அறிவுரை, உறவுக்காரர்களுக்கு வாழ்த்து. சரக்கு தீர்ந்தபோது செய்தித்தாளின் முதல் பக்கத்தைக் கணீரென்று படித்தார். எல்லாவற்றையும் மகள் 'அப்பா குரல்' என்று ஒரு கோப்புறையில் போட்டு மேலே ஏற்றினாள். அது டிஸ்க்கக்காவின் கூடமல்ல, வேறு ஏதோ கம்பெனியின் கூடம். ஆனால் எல்லாக் கூடமும் ஒன்றுதான். அம்மாவின் ஃபோனிலும் தன் ஃபோனிலும் அதே கோப்புறை தெரியும்படி செய்துவிட்டுப் போனாள்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்தார்கள். உதட்டை அசைத்தால் அது பேச்சாக ரீங்கரிக்கும். ஆண் குரலுமில்லை, பெண் குரலுமில்லை. அவர் அதற்கு வண்டு என்று பெயர் வைத்தார். வண்டைக் கையிலெடுப்பதே அவருக்குப் பிடிக்காது. தவிர்க்க முடியாதபோது மூன்று வார்த்தை, நாலு வார்த்தை. பழைய பதிவுகளைப் போடட்டுமா என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, வேண்டாமென்று தலையசைத்தார். அவளும் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, அவர் எதிரில் வந்து உட்கார்ந்து வண்டைக் கழுத்தில் வைத்தார்.

"அதைப் போடு."

"எதைங்க?"

"என்னை."

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. அவர் இன்னும் சொன்னார்: "கனவுலகூட வண்டுதான் பேசுது. என் குரல் எப்படி இருந்ததுன்னு மறந்துபோச்சு."

அவள் ஒரு காலில் ஷூவோடு ஃபோனை எடுத்துக் கோப்புறையைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. மூடித் திறந்தாள். பெயர் மட்டும் இருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நெட்டு சரியில்லைங்க. வந்து போடறேன்" என்றாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச மாதங்களுக்கு முன்னால் ஃபோன் நிரம்பிப்போய்ப் படமே எடுக்க முடியாமல் இருந்தது. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது அந்தப் பதிவுகள்தான். மேலே இருக்கிறது, மகளிடம் இருக்கிறது, இங்கே எதற்கு என்று தன் ஃபோனிலிருந்ததை அழித்தாள். அழித்தது குப்பைத்தொட்டியில் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் அதை அங்கேயே விட்டிருப்பார்கள். உருவியதை நொறுக்காமல் போட்டுவைத்துப் பழக்கமில்லாத கை அது. தொட்டியையும் அந்த நிமிஷமே காலி செய்துவிட்டது.

தன் ஃபோனை அவள் ஒரு டிஸ்க் என்று நினைத்துவிட்டாள். டிஸ்க் சாவது விபத்து. அப்போது மற்ற பிரதிகள் ஓடிவந்து அந்த இடத்தை நிரப்பும். அழி என்பதோ சொந்தக்காரர் போடும் கட்டளை. அதை எல்லாப் பிரதிகளும் கேட்டாக வேண்டும். மூன்று இடத்தில் வைத்தாலும் முப்பது இடத்தில் வைத்தாலும் எல்லா இடத்துக்கும் சேதி போகும், எல்லா இடத்திலும் அழியும். கூடத்தில் சாதாரணமாக நடக்கிற காரியம். ஒரு நாளும் அதைத் தன் வீட்டோடு சேர்த்து அவள் யோசித்ததில்லை.

கூடத்தின் மேற்பார்வையாளர் எப்போதும் ஸ்வெட்டரோடு திரிவார்; கோடையிலும் கழற்றமாட்டார். அதனால் ஸ்வெட்டர் சார். மதிய இடைவேளையில் ஓய்வறைக்கு வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் தேநீரோடு எதிரில் உட்கார்ந்தார்.

"என்னக்கா, வரிசையே விழுந்துட்டமாதிரி உக்காந்திருக்கீங்க?"

அவள் சொன்னாள்.

"கம்பெனில கேட்டுப் பார்த்தீங்களா?"

"காலையிலேயே கேட்டுட்டேன் சார். அழிச்சது அழிச்சதுதானாம். நாமளா இருந்தாலும் அதைத்தானே சொல்வோம்?"

"அதைத்தான் சொல்வோம்." அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தார். "எல்லாரும் சேதி கேட்டாச்சான்னு பார்த்தீங்களா? தூங்குமூஞ்சி ஏதாச்சும் இருக்கப்போகுது."

ரிப்பேருக்காக நாள்கணக்கில் அணைத்துவைத்த இயந்திரத்தைத்தான் கூடத்தில் தூங்குமூஞ்சி என்பார்கள். தூங்கும்போது வந்த அழிப்புச் சேதி அதற்குத் தெரியாது. எழுந்துவந்து, செத்ததையெல்லாம் உயிரோடிருக்கிறது என்று சாதிக்கும். அதனால் அதை முழுக்கத் துடைக்காமல் வரிசையில் சேர்ப்பதில்லை. கூடத்துக்கு அது தலைவலி. டிஸ்க்கக்கா சட்டென்று எழுந்து நின்றாள். மகளிடம் கண்ணாடி உடைந்த ஒரு டேப்லெட் இருந்தது; அதிலும் அந்தக் கோப்புறை தெரிந்துகொண்டிருந்தது.

மகள் வேறு ஊரில் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளர். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும் நேரம் அது; டிஸ்க்கக்கா அவளுக்கு ஃபோன் போட்டாள்.

"அந்தப் பழைய டேப்லெட் எங்கடி?"

"அது எதுக்கும்மா? வீடு மாத்தினப்ப பெட்டியில போட்டது, அப்படியே கெடக்கு."

"அப்புறம் ஆன் பண்ணினியா?"

"எங்க? சார்ஜே இல்லை. இரு, கையில எடுத்துட்டேன். பிளக்ல போடறேன்..."

"போடாத!"

ஓய்வறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்வெட்டர் சார் தேநீரை மடியில் கொட்டிக்கொண்டார்.

"என்னம்மா, குண்டா வெச்சிருக்கு உள்ள?"

"முதல்ல உன் வீட்டு வைஃபையை அணை. அணைச்சா போதாது, பிளக்கைப் பிடுங்கு. டேப்லெட்ல சிம் இருக்கா?"

"கிடையாது."

"பக்கத்து வீட்டு வைஃபையை அதுல போட்டு வெச்சிருக்கியா?"

"என்னைப் பார்த்தா திருடியா தெரியுதா? ஒரே ஒரு தடவை போட்டேன். அது பழைய வீட்டுல."

அப்புறம்தான் அவள் காரணத்தைச் சொன்னாள். அது கண்விழித்து வலையில் சேர்ந்தால், அடுத்த நொடியே சேதி கேட்டு அதுவும் அழித்துவிடும் என்றும் சொன்னாள்.

"எல்லாமாம்மா?"

"எல்லாம். என் கையாலதான்."

"சரி, நீ அழாத. வைஃபை பிளக்கைப் பிடுங்கிட்டேன் பாரு. லைன்லயே இரு, வெச்சிடாத."

டேப்லெட்டைச் செருகி அதில் சார்ஜ் ஏறுகிறவரை இருவரும் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. திரை விழித்ததும் மகள் முதல் காரியமாக, வலைத்தொடர்பை அறுக்கும் விமானக் குறியை அழுத்தினாள். பிறகு கோப்புறையைத் திறந்தாள்.

"இருக்கும்மா! எல்லாம் இருக்கு! அறிவுரை, வாழ்த்து, பேப்பர்..." குரல் மெல்ல இறங்கியது. "இரு. தொட்டா சுத்திக்கிட்டே இருக்கு. திறக்க மாட்டேங்குது."

டிஸ்க்கக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பெயர்கள் மட்டும்தான் அங்கே. உள்ளிருப்பது மேலே இருக்கட்டும், கேட்கும்போது இறக்கிக்கொள்ளலாம் என்று இடத்தை மிச்சப்படுத்துகிற ஏற்பாடு. ஒருமுறையாவது திறந்திருந்தால்தான் முழுசாக இருக்கும்.

"ஒவ்வொண்ணா தொட்டுப் பாரு. நீ எதையாச்சும் அதுல கேட்டிருப்பே."

மகள் ஒவ்வொன்றாகத் தொட்டாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஸ்வெட்டர் சார் ஈரப் பேண்ட்டோடு வாசலில் நின்று, இடைவேளை முடிந்தும் அவளைக் கூப்பிடாமல் இருந்தார்.

"ஒண்ணு வருதும்மா. 'சோதனை'ன்னு பேர் போட்டிருக்கு. மைக்கு வேலை செய்யுதான்னு பார்க்க எடுத்தோமே, அது."

"போதும், நிறுத்து. கேட்காத. அனுப்பவும் அனுப்பாத. நேர்ல கொண்டு வா."

மகள் விடுமுறை நாளில் வந்து சேர்ந்தாள். டேப்லெட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தாள். அந்த ஒன்றைக் கம்பி போட்டு ஒரு பென் டிரைவிலும் ஏற்றி, அதைக் கைப்பையில் தனியாக வைத்திருந்தாள். இடைப்பட்ட நாட்களில் கணவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று டிஸ்க்கக்காவுக்கு இருந்தது.

மூவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். மகள் விரலால் தொட்டாள். முதலில் நாற்காலி இழுபடும் சத்தம். அடுத்தது, மேஜைமேல் இருந்த டம்ளர் அதிரும்படி:

"ஓடுதா? சிவப்பா ஒரு புள்ளி தெரியுது. அதுவா?"

"அதான். பேசுங்க."

"என்னத்தைப் பேச?"

"எதையாச்சும் பேசுங்களேன்."

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேசறதுதான் எனக்குப் பேச வரும்."

"அதையே பேசுங்க."

செருமும் சத்தம். "யாரும் பயப்படாதீங்க. கயிறு அறாது. நான் மேலதான் நிக்கறேன். உள்ள எத்தனை பேரு? பேசிக்கிட்டே இருங்க, பேசினா பயம் தெரியாது. யாரும்மா அது, லிஃப்ட்டுக்குள்ள சிரிக்கிறது?"

சிரிப்பது டிஸ்க்கக்காதான். அடக்க முடியாமல், மூச்சு வாங்க, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள். "ஐயோ, அவங்க பயத்துலயே செத்துடுவாங்க, இந்தக் குரலைக் கேட்டு" என்கிறாள். "ஏய், ஆட்டாத, ஃபோன் விழுது" என்கிறார் அவர். டமால் என்று ஒரு சத்தத்தோடு பதிவு முடிந்தது.

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். டேப்லெட்டைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் போடட்டுமா என்று அவள் விரலை வட்டமாகச் சுழற்றிக் கேட்டாள். கூடத்தில் காதடைப்பானோடு இருக்கும்போது எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். அவருக்குக் குரல் போன பிறகு அந்தக் கைப்பேச்சு எப்படியோ வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பேச முடியாத மனிதருக்கு முன்னால் வாயாடுவது என்னவோபோல் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையாகக் குறைத்துக்கொண்டே வந்தவள், தான் குறைத்ததைக் கவனிக்கவே இல்லை.

அவர் வண்டை எடுத்தார்.

"வாயால கேளு."

"என்னங்க?"

"குரல் போனது எனக்கு. காது இருக்கு."

மகள் தண்ணீர் பிடிப்பதுபோல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

"மறுபடி போடட்டுமாங்க?" என்று அவள் வாய்விட்டுக் கேட்டாள். தன் குரலே அவளுக்கு அன்னியமாக இருந்தது. அவர் பதில் சொல்வதற்குள் தொடர்ந்தாள்: "போடறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. மத்ததெல்லாம் போச்சு. நான்தான் அழிச்சேன். அன்னிக்கு நெட்டு இல்லைன்னு பொய் சொன்னேன்."

அவர் டேப்லெட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டை அழுத்தினார்.

"பேப்பர் படிச்சது?"

"போச்சு."

"அறிவுரை?"

"அதுவும் போச்சுங்க."

"பேரப்புள்ளைங்க தப்பிச்சாங்க."

சமையலறையில் மகள் களுக்கென்று சிரிப்பது கேட்டது. டிஸ்க்கக்காவுக்கு அழுகை வந்தது. நடுவே சிரிப்பும் வந்தது. அவர் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை வண்டைக் கழுத்துக்குக் கொண்டுபோனது.

"எப்படி அழிஞ்சது? மூணு இருக்கும்னு சொல்வியே. முதல்லேர்ந்து சொல்லு."

"பெரிய கதைங்க."

"எனக்கு எங்க போகணும்?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஃபோன் நிரம்பிப்போன நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கூடத்தைச் சொன்னாள், ஸ்வெட்டர் சார் மடியில் தேநீரைக் கொட்டிக்கொண்டதைச் சொன்னாள், தூங்குமூஞ்சி என்றால் என்னவென்று விளக்கினாள். நடுவில் இரண்டு தடவை வண்டு குறுக்கிட்டது. ஒரு தடவை சந்தேகம் கேட்பதற்கு. இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல் என்பதற்கு.