தொட்டி மண்ணில் பிறந்த ஈக்கள்

நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு மொட்டை மாடி இருந்தது. ஆனால் எங்களுக்கு அது கிடையாது. முன்பு இருந்தவர்கள் மேலே செடி வைத்துத் தண்ணீர் தேங்கி, கூரை ஒழுகிப்போனதாம். அதிலிருந்து வீட்டுக்காரம்மா மாடிக் கதவைப் பூட்டியே வைத்திருந்தார். நான், கணவர், மாமனார் மூவருக்கும் முதல் மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். ஹாலில் கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று. காலை வெயில் அதன் வழியாகத் தரையில் பாதி தூரம் வரும். அந்த வெயிலை வீணாக்க எனக்கு மனமில்லை.

பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். கல்யாணமாகிப் புதுச்சேரி டவுனுக்கு வந்து, அங்கேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மருந்து கம்பெனியில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். பழைய பெயிண்ட் வாளிகளில் ஓட்டை போட்டு, அம்மா வீட்டிலிருந்து வந்த மண்ணையும் சாணி எருவையும் நிரப்பி, ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன். கத்திரி, தக்காளி, மிளகாய், ஒரு நீளத் தொட்டியில் கொத்தமல்லி. இரண்டு மாதத்தில் ஹாலே பச்சையாகிவிட்டது.

அப்புறம் ஈ வந்தது. கொசுவென்றும் சொல்ல முடியாது, ஈயென்றும் சொல்ல முடியாது. கடுகைவிடச் சின்னது, கறுப்பு. கடிக்காது. ஆனால் மூக்கில் போகும், கண்ணில் விழும், காபி டம்ளரில் மிதக்கும். விளக்கைப் போட்டால் சுற்றிலும் புகை மாதிரி ஆடும். சாமி படத்தின் கண்ணாடியில்கூட நடந்துகொண்டிருக்கும்.

கொசுவத்தி கொளுத்தினேன். வேப்பிலை போட்டுப் புகை மூட்டினேன். இருமல் வந்ததுதான் மிச்சம். செத்து விழுந்த ஈக்களைக் காலையில் பெருக்கி அள்ளினால் சாயங்காலம் அதே அளவு பறந்துகொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா படியேறி வந்தார். தெருவில் எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய கணவரை முசியே என்பார்கள்; பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலமானால் வாசலை ஒட்டிய அறையில் ஒரு கிளாஸ் ஒயினோடு உட்கார்ந்துவிடுவார். அந்தக் கிளாசில் எங்கள் ஈக்கள் விழ ஆரம்பித்திருந்தன.

"முசியே நேத்து கிளாஸ அப்படியே கொட்டிட்டார்," என்றார் மதாம். "ஜூலை லீவுக்கு என் பொண்ணு பிரான்ஸ்லேர்ந்து பிள்ளைங்களோட வரா. அதுக்குள்ள இந்தப் பூச்சி போவணும். இல்லேன்னா தொட்டியெல்லாம் போவணும். இது வீடும்மா, தோட்டமில்ல."

"பூச்சி போயிடும் மதாம்," என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

என் கணவர் லாரி ஓட்டுபவர். வாரத்தில் பாதி நாள் பெங்களூர் ரோட்டில்தான் இருப்பார். விஷயத்தைச் சொன்னதும், "தூக்கிப் போட்டுடேன். பெரிய மார்க்கெட்டுல இல்லாத கத்திரிக்காயா?" என்றார்.

"நாள் பூரா லேபிள் ஒட்டிட்டு வரேன். வீட்டுல என் கையால வளர்றது ஒண்ணு எனக்கு வேணும். தூக்கிப் போட மாட்டேன்," என்றேன்.

ஈ ஜன்னல் வழியாகத்தான் வருகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, பழைய வேட்டித் துணியைக் கிழித்து ஒரு கத்திரிச் செடிக்கு முழுக்கப் போர்த்தி, வாளியின் கழுத்தில் சணல் கயிற்றால் இறுகக் கட்டினேன். கட்டும் முன் உள்ளே ஒரு ஈகூட இல்லாமல் விரட்டிவிட்டேன். மறுநாள் காலை பார்த்தால், துணியின் உட்பக்கத்தில் ஈக்கள் ஒட்டிக்கொண்டு இருந்தன. வெளியிலிருந்து வரவே வழியில்லை. எல்லாம் மண்ணிலிருந்து புறப்பட்டவை.

அதே வாரம் தக்காளி வாளியில் உருளைக்கிழங்குத் தோல் ஒன்று விழுந்து கிடந்தது. எடுத்தபோது அதன் அடியில் நூல் துணுக்கு மாதிரி வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. தலை மட்டும் கறுப்பு. எனக்கு உடம்பு கூசியது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் விளக்கடியில் தேடிய எதிரி காலடியில் இருந்திருக்கிறது.

பெரிய மார்க்கெட் பக்கத்தில் இருந்த உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்டவுடன் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"இத கலந்து ஊத்துங்கக்கா. ஒரே நாள்ல காலி."

"செடியில காய் பறிச்சுத் திங்கலாமா?"

"கொஞ்ச நாளைக்குத் திங்காதீங்க."

"எங்க மாமனார் அந்த ரூம்லதாங்க தூங்கறாரு."

அவர் பாட்டிலை மறுபடி உள்ளே வைத்துவிட்டு வேப்பம் புண்ணாக்கு நிறுத்துக் கொடுத்தார்.

எனக்குப் புரிந்த வரைக்கும் புழுவுக்கு வேண்டியது ஈரம். மேல்மண் காய்ந்தால் அது பிழைக்காது. ஆகவே தண்ணீரை நிறுத்தினேன். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது மண்ணைத் தொட்டுப் பார்ப்பேன், கொஞ்சம் உலர்ந்திருக்கும். சாயங்காலம் வந்து தொட்டால் சொதசொதவென்று இருக்கும். ஒரு வாரமாக இப்படியே நடந்தது. மண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கிளறி விட்டேன். அப்போதும் ஈரம் போகவில்லை.

ஒருநாள் மெஷின் ரிப்பேர் என்று மத்தியானமே எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கதவைத் தள்ளினால், ஜன்னலோரம் என் மாமனார் குனிந்து நின்று, சொம்பால் ஒவ்வொரு வாளிக்கும் பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியபிறகு வீட்டோடு இருந்தார். மாமியார் போன பின்னால் பேச்சும் குறைந்துவிட்டது. காலையில் பேப்பர், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் பீச் வரை ஒரு நடை. இடையில் அவர் என்ன செய்கிறார் என்று நான் யோசித்ததே இல்லை.

"மாமா, நீங்களா தண்ணி ஊத்துறது?"

"வாடிக் கெடக்குதும்மா. பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல."

"வாடட்டும் மாமா. வாடினாத்தான் ஈ சாவும்."

அவர் நிமிர்ந்தார். "இன்னா பேச்சு பேசற நீ? ஆசையா வெச்ச செடிய வாடட்டும்னு சொல்ற. மில்லுல நூல் ஓடற எடத்துல எப்பவும் ஈரம் வேணும், தெரியுமா? காஞ்சா பட்டுனு அறுந்துடும்."

"இது நூல் இல்ல மாமா. இனிமே நீங்க ஊத்தக் கூடாது."

நான் சொன்னது சரி, சொன்ன விதம்தான் கறாராகிவிட்டது. அவர் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்குச் சோற்றில் பாதியை மிச்சம் வைத்தார். மறுநாளும் என்னோடு பேசவில்லை. தட்டை நீட்டுவார், தலையாட்டுவார், அவ்வளவுதான். போகட்டும், ஊற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அப்படி விட்டால் வாளிகள் தெருவுக்குப் போகும். அப்போது அவருக்கும் ஒன்றும் மிஞ்சாது.

மூன்றாம் நாள் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி மண்ணில் பதித்து வைத்தேன். அடுத்த நாள் ஒரு வில்லையை எடுத்துத் தட்டில் திருப்பி வைத்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் முன்னால் நீட்டினேன்.

"பாருங்க மாமா. நீங்க ஊத்துற தண்ணி செடிக்கு மட்டும் போவல. இதுக்கும் போவுது. இது வேரைத் திங்குது. அதனாலதான் செடி வாடுது."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தட்டை முகத்தருகே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார்.

"இதெல்லாம் நம்ம தொட்டியிலயா?"

"எல்லாத் தொட்டியிலயும்."

"அப்போ செடிக்குத் தாகம் எடுத்தா?"

"விரலை உள்ள வுட்டுப் பாருங்க. ரெண்டு கணு வரைக்கும் காஞ்சிருந்தா பேசின்ல தண்ணி வெச்சு, அதுல வாளியத் தூக்கி வைங்க. அடியிலேர்ந்து குடிச்சுக்கும். மேல மட்டும் ஈரம் படக்கூடாது. என்னால பகல்ல இருந்து பார்க்க முடியாது மாமா. நீங்கதான் பார்க்கணும்."

அவர் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது பிளாஸ்டிக் பேசின் ஜன்னலடியில் இருந்தது. மிளகாய் வாளி அதில் உட்கார்ந்து நீர் குடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது ஒரு போர்தான். பக்கத்துத் தெருவில் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் கேட்டு மாமா ஒரு பை மணல் வாங்கி வந்தார். அதைக் கழுவி, பேப்பரில் பரப்பி உலர்த்தி, ஈ முட்டையிட ஈரமண் கிடைக்காதபடி ஒவ்வொரு வாளியிலும் ஓர் அங்குலம் போட்டோம். இந்த ஈக்கு மஞ்சள் நிறம் பிடிக்கும் என்று கம்பெனியில் ஒரு அக்கா சொன்னாள். துணிக்கடை மஞ்சள் பைகளை அட்டையில் சுற்றி, விளக்கெண்ணெய் தடவி, செடிகளுக்கு நடுவில் குச்சியில் நட்டேன். ஒரே நாளில் அட்டை கறுத்தது. புண்ணாக்கை ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரைத்தான் பேசினில் ஊற்றினோம். அந்த நாற்றத்துக்கு என் கணவர் வந்த அன்றைக்குச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு படுக்கை அறைக்குள் போய்விட்டார்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. தக்காளி பூவெல்லாம் உதிர்த்துவிட்டு நின்றது. கொத்தமல்லித் தொட்டியில்தான் புழு அதிகம். எரு சரியாக மக்காமல் போட்டிருந்தேன். அதைப் பிடுங்கி, மண்ணோடு மூட்டை கட்டினேன். மாமா மூட்டையைத் தானே கீழே தூக்கிப் போனார்.

மெதுவாக அட்டைகள் மஞ்சளாகவே இருக்க ஆரம்பித்தன. காபியை மூடாமல் வைக்க முடிந்தது. உருளைக்கிழங்கு வில்லையின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. "ஒண்ணும் இல்லம்மா," என்று மாமா தினமும் வாசலிலேயே எனக்குச் செய்தி சொல்வார்.

ஜூலையில் மகள் வருவதற்கு முன் மதாம் மேலே வந்தார். விளக்கைப் போடச் சொல்லி அண்ணாந்து பார்த்தார். கத்திரி இலைகளுக்குள் கையை விட்டு அசைத்தார். எதுவும் பறக்கவில்லை.

"மருந்து அடிச்சியா?"

"இல்ல மதாம்."

"மறுபடி வந்துதுன்னா?"

"வந்தா மறுபடியும் ஒழிப்போம்," என்றார் மாமா, நான் வாயைத் திறப்பதற்குள்.

மதாம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்," என்று படியிறங்கிப் போனார். மாடிச் சாவி எங்களுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஐப்பசி மழையில் காற்று ஈரமானதும் நாலைந்து ஈக்கள் திரும்ப வந்தன. நான் வேலையிலிருந்து வருவதற்குள் மாமா அட்டைகளுக்குப் புதிதாக எண்ணெய் தடவி வைத்திருந்தார். அந்த மழைக்காலத்தில்தான் கத்திரி நன்றாகக் காய்த்தது. முதல் பறிப்பில் ஒரு கைப்பிடி. மாமா அதை எண்ணெய்க் குழம்பாக வைக்கச் சொன்னார். அன்றைக்கு அவர் தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை.