முனிரத்தினம் என்னிடம் படித்தவர் அல்லர்

போன வியாழக்கிழமை காலையில் காவேரிப்பட்டினத்து வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். முனிரத்தினத்தின் மூத்த மகள் லதா ஓசூரிலிருந்து ஃபோன் செய்தாள். "சார், அப்பா போயிட்டாரு. விடியக்காலம் எழுப்பப் போனா எழுந்திருக்கல" என்றாள். கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ஓசூர் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலில், அவரோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த மூன்று பேர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். மூவரும் ஒரு காலத்தில் என் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்தவர்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முனிரத்தினம் அண்ணனுக்கே நீங்கதானே சார் இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தீங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். உள்ளே அவரைக் கிடத்தியிருக்கிறார்கள், வெளியே நான் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்தத் தலையாட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். முனிரத்தினத்துக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில ஆசிரியராக வந்தேன். எம்.ஏ. ஆங்கிலம், அதுவும் தபால் வழியில் படித்தது. இலக்கணத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் நார் நாராகக் கிழித்து, இது பெயரடை, இது வினையடை என்று தமிழில் விளக்கிவிடுவேன். வாயைத் திறந்து பேசச் சொன்னால் மட்டும் வியர்த்துவிடும். இந்த விஷயம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டில் குடியிருந்த முனிரத்தினம் என்னைவிட ஆறேழு வயது இளையவர். வேப்பனப்பள்ளிப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்தத் தொழிற்சாலையின் வடநாட்டு அதிகாரி தலைமை தாங்க வந்தார். வரவேற்கும் வேலையைத் தலைமையாசிரியர் என் தலையில் கட்டினார். நான் மூன்று நாள் மனப்பாடம் செய்த வரவேற்புரையோடு வாசலில் நின்றேன். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி, கைப்பையை என் பக்கம் நீட்டி, "கேன் ஐ லீவ் இட் ஹியர் வித் யூ?" என்றார். அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். பிரதிப்பெயர் எது, வினையடை எது, முன்னிடைச்சொல் எது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவரோ பதில் கேட்டார். நான் "தேங்க் யூ சார்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் பையை நீட்டியபடியே நின்றார். பரிசுப் பொருள்களோடு அதே ஜீப்பில் வந்திருந்த முனிரத்தினம் இறங்கி, "கிவ் இட் டு மீ சார், இட் வில் பி வித் மீ" என்று பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். என் முகத்தை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காகவே அவருக்கு நான் கடன்பட்டவன்.

ஒரு வாரம் பொறுத்து அவரிடம் போய், சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளி அணைக்குப் போகலாம், அங்கே தெரிந்தவர்கள் யாரும் வரமாட்டார்கள் என்றார். ஆங்கில வாத்தியார் ஸ்டோர் கீப்பரிடம் ஆங்கிலம் படிக்கிறார் என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் என் மானம் போய்விடும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. இரண்டு சைக்கிளில் போவோம். அணை மேல் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கை நடுவில் வைப்பார். முதல் ஒரு மாதம் எந்தப் பொருளுக்கும் பெயர் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டார். தூக்கு, மூடி, தண்ணீர் எல்லாமே 'இட்'தான். "புட் இட் டவுன் தேர், ஸ்லோலி" என்பார். நான் வைக்க வேண்டும். "நவ் கிவ் இட் பேக் டு மீ" என்பார். கொடுக்க வேண்டும். பிறகு நான் சொல்ல, அவர் செய்வார்.

அவர் இதைக் கற்றது பெங்களூரில் ஒரு செடிப் பண்ணையில். அதை நடத்திய ஆங்கிலோ இந்திய அம்மாளுக்கு வேறு மொழி தெரியாது. இவருக்கோ எந்தச் செடிக்கும் ஆங்கிலப் பெயர் தெரியாது. "பேரு தெரியாட்டி என்னா சார், தொட்டிதான் கையில இருக்குதே. அத எங்க வைக்கணும், யார்கிட்ட குடுக்கணும், எப்பிடி எறக்கணும், அது தெரிஞ்சாப் போதும்" என்பார். 'வித் மீ' அவருக்கு மிகவும் பிடித்த சேர்க்கை. "ரெண்டே வார்த்த. அதுக்குள்ள ஒரு ஆளு வந்து நின்னுடறாரு பாருங்க" என்று ரசிப்பார். எப்படி, எங்கே, எப்போது என்பவை எந்த வரிசையில் வர வேண்டும் என்று நான் விதி சொல்ல ஆரம்பித்தால், "சார், சோத்த விட்டுட்டு எலையில கோடு எண்ணிக்கினு இருக்கீங்க" என்று கேலி செய்வார். ஒரு வருஷத்தில் எனக்குப் பேச வந்துவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து, தொழிலாளர்களுக்கு வாரம் இரண்டு மாலை ஆங்கில வகுப்பு நடத்தத் தொழிற்சாலை முடிவு செய்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று ஆளுக்கொரு மொழி பேசுகிற இடம். புதிதாக வந்த இயந்திரங்களோ ஆங்கிலத்தில் மட்டும் பேசின. நீ எங்கே கற்றாய் என்று முனிரத்தினத்தை மேலதிகாரி கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு சார்தான் சொல்லிக்கொடுத்தார் என்று இவர் என்னைக் காட்டிவிட்டார். வேலை எனக்குக் கிடைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது. சந்தோஷமும் இருந்தது. சந்தோஷம் முந்திக்கொண்டது.

முதல் நாள் கரும்பலகை நிறைய எட்டு வகைச் சொற்களையும் எழுதினேன். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் தூங்கி விழுந்தார்கள். பின் பெஞ்சிலிருந்து முனிரத்தினம் கை தூக்கினார். "சார், இந்த ஸ்பானர அவருகிட்ட குடுன்னு சொல்லணும்னா எப்பிடி சார் சொல்றது?" என்று அப்பாவிபோலக் கேட்டார். "கிவ் இட் டு ஹிம்" என்றேன். "மெதுவா அங்க வைன்னா?" என்றார். ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பையிலிருந்து ஆளுக்கொரு நட்டு, போல்ட்டு வெளியே வந்தது. அணை மேல் அவர் எனக்கு நடத்திய பாடம் அப்படியே வகுப்பாக மாறியது. ஒவ்வொரு மாலையும் நான் விதிக்குள் போய் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் பின் பெஞ்சிலிருந்து ஒரு கை எழும். பல வருஷம் அப்படித்தான் ஓடியது.

ஒரு நாள் மனசு கேட்காமல், உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "எட்டாவது படிச்சவன்கிட்ட எவன் சார் வந்து உக்காருவான்? உங்க பேர்லதான் அவங்க வராங்க. நீங்க சொன்னா வகுப்பு நின்னுடும். படிக்கிறவங்க படிக்கட்டும், வுடுங்க" என்றார். வகுப்பு முடிவுக்கு வந்த நாளில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கூட்டத்தில் பலமாகக் கைதட்டியது அவர்தான்.

வகுப்பு நின்ற பிறகு அந்தக் காரணமும் இல்லாமல் போய்விட்டது. நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'முனிரத்தினத்தை உருவாக்கிய வாத்தியார்' என்று கேட்கக் காதுக்கு இனித்தது. அவரை வைத்துக்கொண்டு சொல்ல எத்தனையோ வருஷம் இருந்தது.

அந்த வகுப்பில் படித்த உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். கரும்பலகை அருகில் நின்ற நான் உங்கள் ஆசிரியன் அல்லன். பின் பெஞ்சில் ஒன்றும் தெரியாதவர்போலக் கை தூக்கிக்கொண்டிருந்தாரே, அவர்தான். என் வாயில் இன்று இருக்கிற ஆங்கிலம் முழுவதும், பேசும்போது பயம் வராத இந்த நெஞ்சும், அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை.

எழுதி முடித்ததும் நேற்று லதாவுக்கு ஃபோன் செய்து முழுவதையும் படித்துக் காட்டினேன். "அப்பா எங்ககிட்ட ஒரு வார்த்தகூட சொன்னதில்லியே சார்" என்றாள். நானும்தான் சொல்லவில்லை என்றேன். அவர் சொல்லாமல் இருந்தது எனக்காக. நான் சொல்லாமல் இருந்ததும் எனக்காகத்தான்.